என்பை வரவேற்கும், பற்றீரியாவைத் தடுக்கும் பூச்சு

மாணவர்களே, வீதி விபத்தில் கால் முறிந்து, உள்ளே ‘பிளேற்’ வைத்த ஒருவரையாவது எமது சாவகச்சேரிப் பக்கத்தில் கண்டிருப்பீர்கள். சிலருக்கு வெளிக்காயம் ஆறிய பின்னரும் உள்ளே சீழ்பிடித்து, வைத்த பொருளையே அகற்ற நேரிடுவதுண்டு. காரணம் என்ன?

உடலினுள் வைக்கும் பொருளின் மேற்பரப்பில் இடம்பிடிக்க என்புக் கலங்களும் பற்றீரியாக்களும் போட்டியிடுகின்றன. இதனை 1987இல் கிறிஸ்ரினா என்ற அமெரிக்க மருத்துவர் ‘மேற்பரப்புக்கான ஓட்டப்போட்டி’ என விளக்கினார். பற்றீரியா முந்திவிட்டால் பசை போன்ற உயிர்ப்படலத்தை அமைத்து அதனுள் தங்கிவிடும். அதன்பின் நுண்ணுயிர்கொல்லி மருந்தும் எளிதில் பலன் தராது.

பல்பகுதியம் ஏன்?

தைத்தேனியம் என்பை விடப் பன்மடங்கு விறைப்பானது. சுமை முழுவதையும் அதுவே தாங்கினால் என்பு மெலியும். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் பயன்படும் ‘பீக்’ என்னும் பல்பகுதியம் அவ்வளவு விறைப்பற்றது. எக்ஸ் கதிர்ப் படத்தையும் மறைக்காது. ஆனால் என்பு அதனுடன் இலகுவில் பிணைவதில்லை. இக்குறையைத் தீர்க்கவே பூச்சு.

பூச்சின் இரு பணிகள்

1. என்பைப் பிணைத்தல்: ஐதரொட்சி அப்பதைற்று, என்பிலுள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனியத்தை ஒத்தது. எனவே என்புக் கலங்கள் அதில் ஒட்டி வளரும்.
2. பற்றீரியாவைத் தடுத்தல்: பூச்சிற் சேர்த்த வெள்ளியிலிருந்து சிறிது சிறிதாக வெளிவரும் அயன்கள் பற்றீரியாவை அழிக்கும்.

வெள்ளி மிகுந்தால் என்புக் கலங்களும் பாதிக்கப்படும். குறைந்தால் பற்றீரியா தப்பிவிடும். பீக் ஏறத்தாழ 343 பாகை செல்சியசில் உருகுவதால், பூசும்போது வெப்பத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆகவே, இரு பணிகளையும் ஒருங்கே செய்யும் பூச்சுகள் பல இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

எமது நாட்டில்

1971இல் கண்டறியப்பட்ட எப்பாவல அப்பதைற்றுப் படிவு உரத்துக்கெனவே நீங்கள் படித்தது. அப்பாறையை அப்படியே உடலில் வைக்க முடியாது. எனினும், அதிலிருந்து தூய ஐதரொட்சி அப்பதைற்றைத் தயாரிக்கும் ஆய்வுகள் இலங்கையில் நடந்துள்ளன.

நினைவிற் கொள்க: எந்தப் பூச்சும் கவனயீனத்துக்கு ஈடாகாது. வீட்டில் இவ்வாறு சிகிச்சை பெற்றவருக்குக் காய்ச்சலோ சீழோ கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சி: பூச்சிலுள்ள வெள்ளியின் அளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்படும் விளைவுகளைத் தனித்தனியே விளக்குக.