நாங்கள் படித்த காட்டேரிக் கதை

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் 2005-ல் வெளியிட்ட 'ட்வைலைட்' நாவலை ஆவலோடு படித்தோம். விளக்கணைக்க மறந்து படித்தோம் என்பதும் உண்மை. ஆயினும், மூடி வைத்தபோது ஏமாற்றமே மிஞ்சியது.

மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்கு வரும் பதினேழு வயது பெல்லா, எட்வர்டைக் காதலிக்கிறாள். அவனோ 1918-ல் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்து காட்டேரியாக மாறியவன். அவளறியாமல் இரவில் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்க்கிறான். இதையா அன்பு என்பது? 2006-ல் வந்த அடுத்த பாகத்தில் அவன் பிரிந்ததும், அவளுடைய நான்கு மாதங்கள், மாதத்தின் பெயர் மட்டுமே உள்ள வெற்றுப் பக்கங்களாகின்றன.

பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட 'டிராகுலா'வும் காட்டேரிக் கதைதான். அதில் வரும் மீனா ஓர் உதவி ஆசிரியை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். பலருடைய நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, பகைவனைத் தேடிப் பிடிக்க வழிகாட்டுகிறாள். அவளும் ஒருவரை நேசிக்கிறாள். ஆனால் தன் அறிவை இழக்கவில்லை.

பழைய கதையின் பெண் எழுதுகிறாள். புதிய கதையின் பெண் வெற்றுத்தாளாகிறாள். தோழியரே, கதைகளை ஆசையோடு படிப்போம். நம் பக்கங்களை நாமே எழுதுவோம்.