ஓமின் விதியும் உழவர் கிணறும்

வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒடுகத்தூர் என்னும் பேரூர் உள்ளது. மலையினின்று இறங்கி வரும் உத்திர காவிரி மழைக்காலத்தில் பெருகும். ஏனைய நாள்களில் அதன் மணலே கண்ணுக்குப் புலனாகும். ஆதலின் அப்பகுதி உழவர் கிணற்றை நம்பியே பயிரிடுகின்றனர். முற்காலத்தில் மாடுகள் கவலை இழுத்து இறைத்த நீரை இக்காலத்தில் மின்சாரப் பம்பு இறைக்கின்றது.

மின்கம்பியின் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறைந்துவிடின், வீட்டிலுள்ள மின்னடுப்பில் உலை கொதிக்க நெடுநேரம் ஆகும். அதே வேளையில் கிணற்று மோட்டாரோ மிகுதியாகச் சூடேறும். அதன் காயில் கருகிப் போவதும் உண்டு. ஒரே குறைவு ஒன்றைக் குளிரச் செய்து, மற்றொன்றை எரிப்பது எங்ஙனம்?

இதற்கு விடை காண உதவுவது ஓமின் விதி. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளியாசிரியராய் இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டில் இதனை நூலாக வெளியிட்டார். அவர் நாட்டு அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். மின்னடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொள்கிறது எனில், அதன் தடை 46 ஓம். திறன் 1150 வாட். அழுத்தம் 184 வோல்ட்டாகக் குறைந்தால் கம்பியின் தடை ஏறத்தாழ மாறாமையால் மின்னோட்டம் 4 ஆம்பியராகும். திறன் 736 வாட்டாகச் சுருங்கும். உலை தாமதிப்பதன் காரணம் இதுவே.

மோட்டார் ஒன்றும் 230 வோல்ட்டில் 5 ஆம்பியரே கொள்வதாகக் கருதுவோம். வகுத்தால் இங்கும் 46 என்றே வரும். ஆயின் அது காயிலின் தடையன்று. காயிலின் தடை 2 ஓம் அளவே இருக்கலாம். சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தைத் தோற்றுவித்து, மின்னோட்டம் பெருகாமல் தடுக்கின்றது. சுழற்சி தடைப்பட்டால் அத்தடுப்பு நீங்கி, மின்னோட்டம் பன்மடங்கு பாயும்.

கிணற்றின் ஆழமோ நீரின் எடையோ மின்னழுத்தத்தோடு குறைவதில்லை. அதே 1150 வாட் வேலையை 184 வோல்ட்டில் செய்ய மோட்டாருக்கு 6.25 ஆம்பியர் வேண்டும். (மாறுதிசை மின்னோட்டத்திற்குரிய திறன் காரணி இங்கே எளிமைக்காக விடப்பட்டுள்ளது.) காயிலில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 50 வாட்டாக இருந்த வெப்பம் 78 வாட்டாக உயர்கின்றது. காயிலின் மேற்பூச்சு அச்சூட்டைத் தாங்காது நலிகின்றது.

மின்னழுத்தம் குறைவதற்கும் இதே விதியே காரணம். போக்கும் வரவுமாகக் கம்பியின் தடை 2 ஓம் என்க. பல பம்புகள் ஒருங்கே ஓடி 23 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 46 வோல்ட் இழக்கப்படும், எஞ்சுவது 184. அவ்வழியில் 1058 வாட் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். தொடக்கத்தில் செலுத்திய அதே திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் அரை ஆம்பியரும் வேண்டா. இழப்பு அரை வாட்டிற்கும் குறையும். மின்மாற்றியைக் கிணறுகளுக்கு அருகில் நிறுவுவது இதன் பொருட்டே.