அரசருக்கு ஓர் எழுத்து

அன்புள்ள மகளுக்கு,

பழைய சமஸ்தானக் குடும்பம் ஒன்று, பட்டமேற்பு நாளின் நினைவாகப் பதக்கம் செய்து தரும்படி உன்னைக் கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. "முகம் அச்சு அசலாக வந்தால் போதும் என்கிறார்கள். நான் எதில் கவனம் வைக்கட்டும்?" என்று கேட்டிருந்தாய். பின்பக்கத்தில் வை, அம்மா. முகம் அவர்கள் கேட்பது. பின்பக்கம், இன்னும் நூறாண்டு கழித்து அதைக் கையில் எடுப்பவருக்கு நீ தர வேண்டியது.

நீ இருக்கும் ஹைதராபாத்தே இதற்குப் பாடம். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலத்தில், 1903இல், சைஃபாபாத்தில் எழுந்த நாணயச்சாலை இன்று அருங்காட்சியகம். அங்கே போய் நிஜாம் ரூபாயை நின்று நிதானமாகப் பார். நடுவில் சார்மினார். சுற்றிலும் ஆசப் ஜாஹ் என்ற குலப்பட்டம். ஆளும் நிஜாமின் சொந்தப் பெயருக்கோ, சார்மினாரின் நடு வளைவுக்குள் ஒரே ஓர் எழுத்து. மஹபூபுக்கு 'மீம்' என்ற உருது எழுத்து, அடுத்து வந்த உஸ்மான் அலி கானுக்கு 'ஐன்'. உலகின் பெரும் பணக்காரர் என்று பேசப்பட்டவருக்கு அந்த ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. ஊர்தான் முகம்.

உஸ்மான் அலி கான் பட்டமேறியது 1911இல். அவருடைய வெள்ளி விழா 1937 பிப்ரவரியில் நடந்தது. அதற்காக வெளியான நான்கு அஞ்சல் தலைகளையும் தேடிப் பார். யுனானி மருத்துவமனை, உஸ்மானியா பொது மருத்துவமனை, உஸ்மானியா பல்கலைக்கழகம், ஜூபிலி மண்டபம். நான்கும் கட்டடங்கள். ஆட்சி என்ன செய்தது என்பதை அவை சொல்கின்றன. ஒரு முகத்தால் அதைச் சொல்ல முடியாது.

நம் சோழர் கல்வெட்டுகளும் இந்த வழியில் வந்தவைதான். அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியோடு கல்வெட்டு தொடங்கும். பிறகு ஆட்சியாண்டு, ஊர், நிலத்தின் அளவு, விளக்குக்கு விட்ட ஆடுகள் என்று இறங்கிவரும். அன்றைய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பின்பகுதியிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். பதக்கமும் உலோகத்தில் வெட்டிய கல்வெட்டுதான். புகழோடு நிறுத்திவிடாதே. நாளும் இடமும் காரியமும் அதில் இருக்கட்டும்.

தர்பார் பதக்கங்களையும் பார்த்து வை. 1877இல் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த தில்லி தர்பாருக்குச் சிறுவனாக இருந்த மஹபூப் அலி கானும் போயிருந்தார். அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தில் பேரரசிப் பட்டம் ஆங்கிலம், பாரசீகம், இந்தி என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. 1911 தர்பார் பதக்கத்தின் பின்பக்கத்தில் பாரசீக வரி சுற்றிவர, நடுவே தில்லி என்ற ஊர்ப் பெயரும் ஆண்டும். அந்தப் பேரரசு போய்விட்டது. ஆனால் எங்கே, எப்போது என்ற கேள்விக்கு அந்த வட்டம் இன்றும் பதில் சொல்கிறது.

இனி உன் மேசை வேலை. முகம் நன்றாகப் புடைத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். புடைப்பு கூடக் கூட, அச்சின் குழிக்குள் உலோகம் ஏறத் திணறும். ஒரே அடியில் நிரம்பாது. அடித்து, வில்லையைக் காய்ச்சி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். கன்னத்தின் மேட்டுக்கு நேர் பின்னே இன்னொரு மேட்டை வைக்காதே. இரண்டு பக்கமும் ஒரே இடத்து உலோகத்துக்குப் போட்டியிட்டு, இரண்டும் அரைகுறையாக வரும். ஆகவே இரு பக்கங்களையும் சேர்த்தே வரைந்துகொள். எழுத்தை முதலிலேயே அமர்த்து. கடைசியில் மிஞ்சிய இடத்தில் திணிக்காதே. பெரிய பிளாஸ்டர் மாதிரியில் அழகாகத் தெரியும் தலைக்கட்டு, அதாவது தெலுங்கு எழுத்தின் மேல் வரும் சிறு கீற்று, இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியதும் அடைபட்டுப்போகும். உருதுவில் ஒரு புள்ளி தப்பினால் எழுத்தே வேறாகிவிடும். எழுத்துகளை மட்டும் உண்மை அளவில் தனியாக வெட்டி, கண்ணால் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போ.

தங்கம் வேண்டும் என்பார்கள். செய்து கொடு, தவறில்லை. ஆனால் தங்கத்துக்கு எப்போதும் உலைக்களத்தின் ஆபத்து உண்டு. உருகாமல் தப்பினாலும் கைமாறிப் போய்விடலாம். ஜஹாங்கீர் 1613இல் ஆக்ராவில் அடித்த, ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ள ஆயிரம் மொஹர் தங்கக் காசு நிஜாம்களிடம் வழிவழியாக இருந்ததாகச் சொல்கிறார்கள். 1987இல் அது ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. ஊருக்கே பெருமையாக இருந்திருக்க வேண்டியது, இன்று ஊர்க்காரர் யாரும் போய்ப் பார்க்க முடியாத பொருள். ஆகவே அதே அச்சில் செம்பிலும் சில அடிக்க ஒப்புதல் வாங்கிவிடு. ஒன்று பொதுத் தோட்டத்தில் உள்ள மாநில அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். எத்தனை அடித்தாய், எந்த உலோகத்தில், என்ன எடையில் என்ற குறிப்பும் கூடவே போகட்டும்.

உன் பெயரையும் பொறி. 1438ஐ ஒட்டி பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்குப் பதக்கம் வார்த்த பிசானெல்லோ, இது என் வேலை என்று லத்தீனிலும் கிரேக்கத்திலும் பின்பக்கத்தில் எழுதினார். பேரரசருக்கு அதனால் குறைவு வரவில்லை. கையொப்பம் தற்பெருமை அல்ல. இதில் சொன்னது மெய் என்று செய்தவர் ஏற்கும் பொறுப்பு.

இவ்வளவையும் அந்த வீட்டாரிடம் மரியாதையாக எடுத்துச் சொல். அவர்கள் முன்னோர் வெட்டிய ஒரு குளமோ, நடத்திய பள்ளியோ இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு, நேரில் போய்ப் பார்த்து, அதைப் பின்பக்கத்தில் வரை. இதை மறுத்து முகஸ்துதி மட்டும் கேட்டால், வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஒருமுறை அச்சில் ஏறிய பொய்யை அத்தனை பிரதிகளிலிருந்தும் யாராலும் அழிக்க முடியாது.

அன்புடன்,
உன் பெரியப்பா