பெயரைச் சொல்வதற்கு முன்

கேள்வி: நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். மேனேஜரை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் நண்பர் குழுவில் சண்டைதான். கோப்பைகளைக் குவித்த பெரிய ஆள் வேண்டும் என்கிறான் ஒருவன். கிளப்பை உள்ளும் புறமும் அறிந்த பழைய ஆட்டக்காரர் வரட்டும் என்கிறான் இன்னொருவன். வேறு லீகில் வளர்ந்து வருகிறவருக்கு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: மூவர் சொன்னதையும் உங்கள் கிளப் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் விடைபெற்றபோது அவரே கைகாட்டிய டேவிட் மோயஸுக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் தந்தார்கள். அவர் 10 மாதம்கூட முழுதாக நீடிக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் பெரிய ஆட்கள். லூயி வான் ஹால் 2016-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டே நாளில் நீக்கப்பட்டார். ஜோஸே மொரீனியோ இரண்டரை ஆண்டு இருந்தார். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வெற்றி கோலை அடித்த ஓலே குன்னர் சோல்ஷேர், யுனைடெட் மேனேஜராகக் கோப்பை எதுவும் வெல்லாமல் போனார். அயாக்ஸில் பெயரெடுத்த எரிக் டென் ஹாக் இரண்டு கோப்பைகள் வென்றும் 2024 அக்டோபரில் வெளியேறினார்.

ஆக, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 2021 வரை யுனைடெட்டில் கால்பந்து இயக்குநர் என்ற பதவியே கிடையாது. ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆட்டமுறைக்கு ஏற்ற வீரர்களைக் கேட்டார். அவர் போனதும், அவர் அளவுக்குத் தைத்த சட்டையை அடுத்தவர் போட்டுக்கொண்டார். 2024 நவம்பரில் வந்த ரூபன் அமோரிமின் முறை மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களைக் கேட்டது. அணியோ பின்வரிசையில் நால்வரை வைத்து ஆடிப் பழகியிருந்தது. அந்தப் பருவம் 15-ஆம் இடத்தில் முடிந்தது.

எதிர்முனையில் லிவர்பூலைப் பாருங்கள். 2024 ஜனவரியில் மேனேஜர் யூர்கன் க்ளாப் விலகலை அறிவித்ததும் ரசிகர்கள் பலர் தங்கள் பழைய ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோவைத்தான் விரும்பினார்கள். அவர் தான் மேனேஜராக இருந்த லெவர்குசனிலேயே தங்கிவிட, நெதர்லாந்தின் ஃபெயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லாட் வந்தார். க்ளாப் விட்டுச் சென்ற அணிக்கு ஸ்லாட்டின் தாக்குதல் ஆட்டம் பொருந்தியது. அந்தக் கோடையில் வந்து களமிறங்கிய புதியவர் கியேசா ஒருவர்தான். 2024-25 லீக் பட்டத்தை 4 ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே வென்றார்கள். அடுத்த கோடையில் பெரும்பணம் செலவழித்து அணியை மாற்றினார்கள். இலையுதிர்காலத்தில் அதே ஸ்லாட்டின் கீழ் தொடர்ந்து 4 லீக் ஆட்டங்களில் தோற்றார்கள்.

அடுத்த முறை விவாதிக்கும்போது, பெயரைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். இப்போதிருக்கும் வீரர்களில் எத்தனை பேர் அவருடைய முறையில் ஆட முடியும்? முந்தைய கிளப்பில் கையில் கிடைத்த வீரர்களை அவர் முன்னேற்றினாரா? வீரர்களை வாங்கும் முடிவு யாருடையது, அவரோடு இவருக்கு ஒத்துப்போகுமா? புள்ளிப்பட்டியலை மட்டும் வைத்தும் எடைபோடாதீர்கள். லிவர்பூலுக்கு வருமுன் க்ளாப் நடத்திய டார்ட்மண்ட், அங்கே அவருடைய கடைசிப் பருவத்தில் 7-ஆம் இடம்தான். அந்த ஆட்டங்களின் தரவுகளை அலசிய லிவர்பூல், அணி நன்றாகவே ஆடியிருக்கிறது, அதிர்ஷ்டம்தான் கைவிட்டிருக்கிறது என்று கண்டது. 2015-ல் அவரை அழைத்துக்கொண்டது.

பொறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபெர்குசன் வந்தது 1986-ல். மூன்று ஆண்டு கழித்து, அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பதாகை பிடித்தார்கள். முதல் கோப்பை 1990-ல், முதல் லீக் பட்டம் 1993-ல் வந்தது. அதற்குள் அவர் இளையோர் அணியையும் திறமை தேடும் ஆட்களையும் அடியோடு சீரமைத்திருந்தார். கோப்பை வராத அந்த ஆண்டுகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. புதியவர் யாராக இருந்தாலும் அப்படியொரு வேலை நடக்கிறதா என்று கவனியுங்கள். நடந்தால், தோற்ற மறுநாளே அடுத்த பெயரைத் தேடாதீர்கள்.