போலீசைப் படம் எடுத்தாயிற்று, அடுத்து என்ன?

பணியில் இருக்கும் போலீஸ்காரரைச் செல்போனில் படம் எடுக்கலாமா? சட்ட ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. எடுக்கலாம். சாலையிலோ கடைவீதியிலோ உங்கள் வீட்டு வாசலிலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி கடமை செய்துகொண்டிருக்கும் காவலரைப் படம் பிடிப்பது குற்றம் என்று சொல்லும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. அவரிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கேட்க மறந்துவிடும் இன்னொரு கேள்விதான் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. எடுத்த படத்தை என்ன செய்வது?

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளியாக இருந்த இளைஞரை, ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காக முதல் தகவல் அறிக்கைகூடப் பதியாமல் தனிப்படைப் போலீசார் பிடித்துவைத்து அடித்தார்கள். அவர் இறந்துபோனார். உடற்கூறாய்வில் 44 காயங்கள் பதிவாயின. அடித்த காட்சியை ஒருவர் மறைவிடத்திலிருந்து செல்போனில் எடுத்திருந்தார். சில நொடிகளே ஓடும் அந்தப் பதிவு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் காட்டப்பட்டபோது, மறுப்பதற்கு யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 2020 ஜூனில், சாத்தான்குளம். போலீஸ் காவலில் அடிபட்டு இறந்துபோன தந்தையும் மகனும், கைதான இடத்தில் தரையில் உருண்டு புரண்டதால் காயம் பட்டார்கள் என்று போலீஸ் எழுதியது. பக்கத்துக் கடைக் கேமராவில் பதிவான காட்சி அந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் இரவெல்லாம் அவர்கள் அடிபட்ட காவல் நிலையத்தின் கேமரா? நீதிமன்ற உத்தரவின்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அறிக்கை கொடுத்தார். சேமிக்க ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு இல்லை. உள்ளே நடந்ததைச் சொல்ல, அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணியை நான் நினைக்காத நாள் குறைவு. காக்கிச் சட்டைக்குள் இருக்கும் நேர்மையான மனிதர்களையும் பதிவுதான் காப்பாற்றும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில், எடுக்கும் விதம். பொது ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 221ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. அவரைத் தாக்கினாலோ பலவந்தம் செய்தாலோ 132ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை. படம் எடுத்தவர் மேல் வழக்குப் போட நினைத்தால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கையில் எடுப்பார்கள். ஆகவே அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பத்தடியாவது தள்ளி நில்லுங்கள். ‘பின்னால் போ’ என்றால் இரண்டு எட்டு பின்னால் போங்கள், படம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கையைத் தட்டிவிடுவது, வண்டியை மறிப்பது, கூட்டம் சேர்ப்பது, கெட்ட வார்த்தை பேசுவது எதுவும் வேண்டாம். ஏன் எடுக்கிறாய் என்று கேட்டால், ‘சார், நான் குறுக்கே வரல, தள்ளி நின்னுதான் எடுக்கிறேன்’ என்று ஒரு முறை அமைதியாகச் சொல்லுங்கள். நீங்கள் தடுக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே உங்கள் வீடியோவிலேயே சாட்சியாக நிற்கும். மற்றபடி வாயே திறக்காதீர்கள். ‘பாருங்க மக்களே’ என்று வர்ணனை கொடுக்கும் வீடியோக்களில், அடி வாங்குகிறவரின் குரல் அந்த வர்ணனைக்குள் அமுங்கிவிடுகிறது.

முகத்தை மட்டும் துரத்தாதீர்கள். கடைப் பலகை, தெருப் பெயர், ஜீப்பின் எண், சட்டையில் உள்ள பெயர்ப் பட்டை ஆகியவை ஒரு தடவையாவது படத்தில் வரட்டும். கைது செய்யும் காவலர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 36ஆம் பிரிவு சொல்கிறது. பட்டை இல்லையென்றால், இல்லை என்பதே பதிவாகட்டும். நிறுத்தி நிறுத்தி எடுக்காமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். துண்டு துண்டாக இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

காவல் நிலையத்துக்குள் எடுக்கலாமா என்பது சிக்கலானது. வர்தா காவல் நிலையத்துக்குள் நடந்த பேச்சைப் படம் எடுத்தவர் மீது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். காவல் நிலையம் அந்தச் சட்டம் குறிப்பிடும் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் அந்த வழக்கை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது நம் ஊர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குள் ஒளித்து எடுக்கப் போய் உள்ளே இருப்பவருக்குக் கூடுதல் அடி வாங்கித் தராதீர்கள் என்பதே என் ஆலோசனை. அங்கே உங்களுக்கு வேறொரு கேமரா இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போனைக் கேட்டால்? விசாரணைக்குத் தேவையான பொருளைக் கைப்பற்றப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சும்மா பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள அதிகாரம் இல்லை. கைப்பற்றினால் மகஜர் எழுத வேண்டும், நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ‘மகஜர் காப்பி கொடுங்க சார்’ என்று கேளுங்கள். பிடித்து இழுத்துச் சண்டை போடாதீர்கள். மேலே சொன்ன 132ஆம் பிரிவுக்கு அதுவே போதும். இதற்கான தற்காப்பை இன்றைக்கே செய்து வைத்துக்கொள்ளலாம். விரல்ரேகையிலும் முகத்திலும் திறக்கும் வசதியை எடுத்துவிட்டு நீளமான எண்ணைப் பூட்டாக வையுங்கள். எடுத்த படம் தானாக இணையச் சேமிப்புக்குப் போகும்படி அமையுங்கள். போன் போனாலும் படம் மிஞ்சும். மிரட்டி அழிக்கச் சொன்னால், அழித்தாலும் பதற வேண்டாம். அழித்த படங்கள் பெரும்பாலான போன்களில் சில வாரம் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதன் பிறகு அந்தப் போனில் புதிதாக எதையும் எடுக்காமல், சேமிக்காமல் வக்கீலிடம் கொண்டு போங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடம். எடுத்த மறுநிமிடம் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அது வீடியோவைச் சுருக்கிவிடும். எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது என்ற குறிப்புகளும் அதில் தங்குவதில்லை. ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மூலப்பதிவு எங்கே என்று நீதிமன்றம் கேட்கும்போது யாரிடமும் அது இருப்பதில்லை. மூலப்பதிவு இருக்கும் போனே முதல் சாட்சி. அதை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வீடியோவை வெட்டாமல், எழுத்துப் பதிக்காமல், பாட்டுச் சேர்க்காமல் அப்படியே வையுங்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் ஏற்றுங்கள். அப்படி நகல் எடுத்துக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, யாருடையது, எப்படி நகல் எடுக்கப்பட்டது என்பதோடு அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். இதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை, எங்கே எந்த நேரம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அன்றிரவே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைப்பது.

படத்தில் சிறுவர்களோ பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரோ இருந்தால் பொதுவெளியில் போடவே கூடாது. அவர்கள் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

காவல் நிலையக் கேமராவுக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாசல், லாக்கப், நடைகூடம், வரவேற்பிடம், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, பின்பக்கம் என எந்த இடமும் விடுபடாமல் இரவிலும் தெரியக்கூடிய, ஒலியும் பதியக்கூடிய கேமரா இருக்க வேண்டும். பதிவைப் 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த வசதியுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். மனித உரிமை மீறப்பட்டால் அந்தப் பதிவைப் பாதுகாத்துத் தரும்படி கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று ஸ்டேஷன் வாசலிலேயே பலகை வைக்கவும் சொன்னது. நடைமுறை எப்படி இருக்கிறது என்றால், ஓடாத கேமராக்களைப் பற்றி 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்கும் அளவில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், உடனே கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே உறவினர் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே ஒரு மனு எழுதுங்கள். பெறுநர் மாவட்ட எஸ்.பி.; சென்னை, மதுரை போன்ற நகரங்களில் என்றால் காவல் ஆணையர். இப்படி எழுதினால் போதும்: ‘இன்ன தேதி இன்ன மணி முதல் இன்ன மணி வரை இன்ன காவல் நிலையத்தின் அனைத்துக் கண்காணிப்புக் கேமராக்களின் ஒளி, ஒலிப் பதிவுகளும், நிலையப் பொது நாட்குறிப்பும் அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கின் தீர்ப்பின்படி இதைக் கோருகிறேன். கேமரா இயங்கவில்லை என்றால், எந்தத் தேதியிலிருந்து இயங்கவில்லை, அது குறித்து யாருக்கு எப்போது தகவல் தரப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கேமரா ரிப்பேர் என்று பிற்பாடு சொல்வதை அந்த வரிதான் கடினமாக்கும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழியில் இருக்கும் கடை, பங்க், ஏ.டி.எம். கேமராக்களை மறக்காதீர்கள். பல கடைகளில் பதிவு சில நாட்களிலேயே மேலெழுதப்படும். கடைக்காரரிடம் நயந்து பேசி அன்றே நகல் கேளுங்கள். தர அஞ்சினால் அழிக்காமல் வைத்திருக்கும்படி மட்டுமாவது சொல்லிவிட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் மூலம் வரவழைக்க மனுப் போடலாம்.

வீட்டுக்குள் சோதனைக்கு வந்தால், முழுச் சோதனையையும் போலீசே ஒளி, ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டம், அதே சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. ‘வீடியோ ஓடுதா சார்?’ என்று அவர்கள் கேமராவுக்குக் கேட்கும்படி கேளுங்கள்.

அடிபட்டவரின் உடம்பிலும் பதிவு இருக்கிறது. டாக்டரிடம் யார் அடித்தது என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி வாங்குங்கள். ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் கேட்கிறாரோ இல்லையோ, ‘ஐயா, என்னை அடித்தார்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் உடைந்துபோன வழக்குகள் ஏராளம். பயம் எனக்குப் புரிகிறது. அந்த ஐந்து நிமிடம் மட்டும் அந்த அறையில் போலீசை விடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூடவே ஒரு வக்கீல் நின்றால் பயம் பாதி குறையும். வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிட்டால் கட்டணமில்லாமல் வக்கீல் தருவார்கள்.

படம் எடுத்தவருக்கு மிரட்டல் வந்தால், சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுச் செய்யலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற அந்தத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். மிரட்டிய அழைப்புகளின் பட்டியலும் நேரமும் மனுவில் இருக்கட்டும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. சமரசம் பேசலாம், பொறுத்திருங்கள் என்று யாராவது மாதக்கணக்கில் இழுத்தால், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். மனுவை முதலில் தபாலில் சேர்த்துவிடுங்கள்.