தலைப்பாகையின் மறுமுனை: சீக்கியர் வீட்டுத் துக்கத்தில் அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியவை

ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துத் தெருக்களில் பஞ்சாபிக் குடும்பங்களைப் பார்க்கலாம். டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று வேலைக்கு வந்தவர்களில் சிலர் ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. அம்பத்தூரிலோ திருமுல்லைவாயலிலோ ஒரு மனை வாங்கி, நம் பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் சொந்தக்காரர்கள் லூதியானாவிலிருந்து வந்து சேர ஒரு நாளாகும். அதுவரை வாசலில் நிற்கப் போவது நாம்தான்.

எங்கள் தெருவில் சிங் சார் காலமான அன்று நாங்கள் நாலு பேர் ஓடிப்போய் மண்பானை, கற்பூரம், வாய்க்கரிசிக்கு அரிசி, வருகிறவர்களுக்கு வெற்றிலைபாக்கு, பீடிக்கட்டு எல்லாம் வாங்கி வந்துவிட்டோம். தெருவிலேயே வளர்ந்த அவர் மகள் பானையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. எங்களுக்குப் பானை உடைக்கிறது கிடையாது. அப்பாவுக்குத் தலைப்பாகை கட்டணும். துணியோட ஒரு முனையைப் பிடிச்சுக்கறீங்களா?"

அன்று கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். சடங்கை அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஓடியாடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் இயற்கையாக நடந்த மரணம் என்றால், சிகிச்சை பார்த்துவந்த டாக்டரை முதலில் அழையுங்கள். இறப்புக்கான காரணத்தை அவர் எழுதித் தரும் சான்று இல்லாமல் தகன மேடையிலும் பதிவு அலுவலகத்திலும் வேலை நகராது. விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் போலீஸுக்குச் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது.

அடுத்து, தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கும் குருத்வாராவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆவடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். கிரந்தி, அதாவது சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபை வாசிப்பவர், அங்கிருந்து வரவேண்டியிருந்தால் வண்டி ஏற்பாடு செய்வது நம் வேலை.

கட்டிலில் கிடப்பவரை இறக்கித் தரையில் போடாதீர்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றாதீர்கள். இரண்டும் வேண்டாம் என்று சீக்கியர்களின் நடத்தை நெறியான ரஹித் மர்யாதா நேரடியாகவே சொல்கிறது. அங்கே கேட்க வேண்டியது குருமார்களின் வாக்கான குர்பானியும் 'வாஹேகுரு' என்ற நாமமும் மட்டும்தான். உறவினர் வரும்வரை ஃப்ரீசர் பாக்ஸ் வைப்பதில் தடையில்லை. பறைக்கும் சங்குக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

2. ஒப்பாரி இல்லையே என்று வியக்காதீர்கள்

மாரில் அடித்துக்கொண்டு அழுவதை அந்த நெறி விலக்குகிறது. சாவு என்பது இறைவனின் ஹுக்கம், கட்டளை. வந்த ஒளி மூல ஒளியோடு கலக்கிறது என்பது நம்பிக்கை. 1574-ல் மறைந்த மூன்றாம் குரு அமர்தாஸ் தன் கடைசி நேரத்தில் குடும்பத்தைக் கூட்டி, எனக்காக அழ வேண்டாம் என்று சொன்னதை பாபா சுந்தர் பாடிய 'சத்' என்ற பகுதி குரு கிரந்த சாஹிபிலேயே இருக்கிறது. கண்ணீரை யாரும் தடுப்பதில்லை. கூடி நின்று அரற்றுவதுதான் இல்லை. ஆகவே "வாய்விட்டு அழும்மா" என்று அந்த வீட்டுப் பெண்களை உலுக்காதீர்கள்.

3. குளியலும் உடையும்

உடலைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடை உடுத்துவார்கள். முடியையும் தாடியையும் வெட்டுவதோ மழிப்பதோ கூடாது. நாவிதரைக் கூப்பிட வேண்டாம். பிள்ளைகளுக்கும் மொட்டை கிடையாது. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால், தாடியில் கத்தரி வைக்க வேண்டாம் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமிர்தம் பெற்றவராக, அதாவது முறைப்படி தீட்சை எடுத்தவராக இருந்தால் சீப்பு, இரும்புக் காப்பு, கிர்பான் என்ற சிறு வாள், கச்சேரா என்ற உள்ளாடை இவற்றை உடலிலிருந்து கழற்றக்கூடாது. நகையைக் கழற்றும் வேகத்தில் காப்பையும் உருவப் போகும் கையைத் தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

தலைப்பாகைத் துணி பொதுவாக ஐந்து மீட்டருக்குக் குறையாது. ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் எதிரில் நின்று இழுத்து, நீளவாக்கில் மடித்து மடித்துப் பட்டையாக்க வேண்டும். விறைப்பாகப் பிடித்தால்தான் மடிப்பு நிற்கும். நான் பிடித்தபோது கை நடுங்கியது. "டைட்டா பிடிங்க அங்கிள்" என்றான் மகன்.

4. புறப்பாடு

கிளம்பும் முன் அர்தாஸ் என்ற வேண்டுதலை நின்றபடி சொல்வார்கள். நீங்களும் செருப்பைக் கழற்றி, தலையில் கைக்குட்டை கட்டி, கைகூப்பி நில்லுங்கள். பாதி வழியில் பானை உடைப்பது, வயதானவர் என்றால் பாடையை ஜோடித்துச் சாமரம் வீசுவது இரண்டையும் மர்யாதா பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. பஞ்சாபிலும் கொள்ளிக்குடமும் கல்யாணச் சாவும் இருந்திருக்கின்றன என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா? ராகுகாலம், எமகண்டம் பார்க்க வேண்டாம். பகலோ இரவோ, எப்போதும் எரிக்கலாம்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பும் வழக்கம் இங்கே இல்லை. மகள் வண்டியில் ஏறினால் வழிவிடுங்கள்.

5. தகன மேடையில்

அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது. ஆவடி தனி மாநகராட்சி. இடத்துக்கு இடம் நிர்வாகம் மாறும் என்பதால், எந்த மயானம் என்று முடிவு செய்ததும் ஊழியர்களிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, உடலில் காப்பும் கிர்பானும் இருக்கும். இரண்டு, பிரார்த்தனைக்குக் கால்மணி நேரம் வேண்டும்.

தீ வைப்பது மகன்தான் என்றில்லை. வேறு உறவினரும் வைக்கலாம், நண்பரும் வைக்கலாம். தீ நன்றாகப் பிடித்ததும் 'கீர்த்தன் சோஹிலா' சொல்வார்கள். எரிவாயு மேடையில் கதவு மூடியபின் கூடத்தில் நின்று சொல்வது வசதி. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் அவர்கள் சொல்லும் அதே பிரார்த்தனைதான் இது. இறந்தவர் ஆயுள் முழுக்க இரவில் சொன்னதை, இன்று அவருக்காக மற்றவர்கள் சொல்கிறார்கள். சாவுக்கென்று தனி மந்திரம் வைக்காமல், தூங்கப் போகும் பாட்டையே வைத்திருக்கிறார்கள்.

கபாலத்தைத் தட்டும் வழக்கமும் இல்லை.

6. சாம்பல்

எரிந்தடங்கியதும் எலும்பைத் தனியாகப் பொறுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி ஓடும் நீரில் விடலாம், அல்லது அங்கேயே புதைத்து மண்ணைச் சமன் செய்துவிடலாம். மேலே சமாதி எழுப்பக்கூடாது. இரும்புக் காப்பு எரியாமல் சாம்பலோடு வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், குடும்பத்திடம் கொடுங்கள்.

சட்லெஜ் கரையில் கீரத்பூருக்கு எடுத்துப் போகும் குடும்பங்கள் உண்டு. ஆனால் கங்கைக்கோ கீரத்பூருக்கோதான் போக வேண்டும் என்பது நெறிக்கு விரோதம் என்று மர்யாதா சொல்கிறது. சென்னைக் கடலே போதும். பக்கத்தில் இருக்கிறதே என்று செம்பரம்பாக்கத்துக்கோ புழலுக்கோ வழி காட்டாதீர்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அது.

7. பதிவு

மரணம் எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. ஆவடிக்காரர் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில். 21 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் தாமதக் கட்டணமில்லை.

விண்ணப்பத்தில் தகராறு வருவது பெயரில். "இனிஷியல் என்ன?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு இனிஷியல் கிடையாது. சிங், கௌர் என்பவை அப்பா பெயரும் அல்ல. ஆதாரிலும் பென்ஷன் புத்தகத்திலும் உள்ளபடி ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லி, அங்கேயே சரிபாருங்கள். பென்ஷன், வங்கி, இன்ஷூரன்ஸ் என்று பல இடம் கேட்கும். நாலைந்து பிரதி வாங்கி வையுங்கள்.

8. பத்து நாள்

வீட்டிலோ குருத்வாராவிலோ குரு கிரந்த சாஹிப் வாசிப்பு தொடங்கும். மொத்தம் 1430 பக்கம். பத்தாம் நாள் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 143 பக்கம். குடும்பத்தாரே மாறி மாறி வாசிப்பது நல்லது என்பது நெறி. அதனால் அந்த நாட்களில் அடுப்பைப் பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது. சாப்பாடு கொடுத்தனுப்புங்கள், சைவமாகவே இருக்கட்டும். தீட்டு என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நிறைவு நாளை 'போக்' என்பார்கள். கால் கழுவி, தலையை மூடி, புத்தகத்தின் முன் வணங்கி, அதன் பக்கம் கால் நீட்டாமல் தரையில் உட்காருங்கள். சட்டைப்பையில் சிகரெட்டோ புகையிலைப் பொட்டலமோ இருந்தால் முதலில் வெளியே போட்டுவிட்டு வாருங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் கிண்டிய கடா பிரசாதத்தை இரு கையையும் குவித்து வாங்க வேண்டும். பிறகு லங்கர் என்ற பொதுப் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு காரியம் எதுவும் கிடையாது, திதியும் கிடையாது.

பல குடும்பங்களில் அன்று மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். நம்மில் பலருக்கு உருமாக் கட்டு இருக்கிறதே, அதேபோல. சிங் சார் மகன் புதுத் துணியோடு வந்தபோது கூடத்தில் சித்தப்பா, மாமா எல்லாரும் இருந்தார்கள். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு முனையை என்னிடம் நீட்டினான். இந்தமுறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விறைப்பாகப் பிடித்தேன்.