வாக்கியமா, திருக்கணிதமா?



பண்டைச் சாஸ்திரம் உயர்ந்ததா, புதிய விஞ்ஞானம் உயர்ந்ததா என்னும் வாதம் நம் செட்டிநாட்டு இல்லங்களுக்குள் பஞ்சாங்கத்தின் வழியாகவே நுழைகிறது. காரைக்குடி ஆச்சி ஒருவர் இரண்டு பஞ்சாங்கங்களைக் கொண்டுவந்து, "சாமி, வாக்கியத்தில் இன்று ஏகாதசி, திருக்கணிதத்தில் நாளை. எந்த நாள் உபவாசம் இருப்பது?" என்று வினவினார். சூரியோதயத்திற்கு நான்கு நாழிகை முன்னதான அருணோதயத்தில் தசமி சிறிதேனும் தொட்டிருந்தால், அந்த ஏகாதசியை வைஷ்ணவர் கொள்வதில்லை. கணிதம் ஒரு நாழிகை பிசகினாலும் விரத நாளே மாறிவிடக்கூடும்.

வாக்கியம், வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களைப் பற்றி நிற்பது. எண்களை எழுத்துக்களாக்கிச் சிறு சொற்றொடர்களாக மனனம் செய்வர். 1825-இல் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பார் கண்டு எழுதி வைத்தார். ஆரம்பம் 4 நிமிஷமே பிசகியது. முடிவோ 52 நிமிஷம். அந்த ஞாபக சக்தியை வியக்கிறோம். 52 நிமிஷத்தை மறைக்கலாகாது.

சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியர் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9-ஆம் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்ததை முன்கூட்டியே பாமரருக்கும் விளங்க நூலாக எழுதினார். திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். வாக்கியக்காரர் பலர் அதை ஏற்கவில்லை. பாடசாலை நாட்களில், வாக்கியத்தைத் திருத்துவது அபசாரம் என்று அடியேனும் கேட்டதுண்டு.

ஆனால் கேரள தேசத்துப் பரமேச்வரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் கவனித்து, 1431-இலேயே 'த்ருக்கணிதம்' இயற்றிவிட்டார். அவரிடம் தூரதர்சினியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கணக்கு ஆகாயத்தோடு ஒவ்வாவிடில் திருத்த வேண்டியது கணக்கையே என்பது நம் பூர்வர்களின் சித்தாந்தம். அதை மேலைநாட்டுச் சரக்கு என்று தள்ளியது நம் பிழை. இன்று வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகண நேரத்தைத் திருக்கணிதப்படியே அச்சிடுகின்றன. கிரகணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கிறது; திதியை யார் பார்க்கிறார்?

எனினும், திதி முடியும் கணத்தை மட்டுமே தூரதர்சினி சொல்லும். எந்தத் திதியில் உபவாசம் என்பதைத் தர்ம சாஸ்திரமே சொல்ல வேண்டும்.

ஆச்சியிடம், "கோயில் உத்ஸவம் வாக்கியப்படி, அது பழைய வழக்கம். அடியேனின் உபவாசம் திருக்கணிதப்படி" என்றேன். "அப்படியானால் இரண்டு நாளும் இருந்துவிடுகிறேன், சாமி" என்றார். துவாதசிப் பாரணை தவறிவிடுமே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெருமாள் ஸந்நிதிக்குப் போய்விட்டார்.